முன்னால் இரண்டு பேர்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீயைப் பாதி குடித்து மேஜையில் வைத்துவிட்டு, தான் வடிவமைத்த வரிசை எப்படி இருக்கிறதென்று பார்க்க அதிலேயே போய் நின்றவர் இன்றுவரை கதவை வந்து சேரவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் உள்ளே போய், பார்த்து முடித்து, வீட்டுக்கும் போய்விட்டார்கள்.

கேளிக்கைக் கூடங்கள் அமைப்பது அவர் தொழில். எல்லாம் போனுக்குள் வந்துவிட்ட காலத்தில் ஜனங்கள் எதற்காக வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள் என்று ஏழு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் காத்திருக்கத்தான் என்று கண்டுபிடித்தார். வாசலில் போனை வாங்கிப் பூட்டிவிட்டு, வளைந்து வளைந்து போகும் கயிற்றுப் பாதையில் முக்கால் மணி நேரம் நிற்கவைத்தார். முன்பின் தெரியாதவர்கள் பேச்சுக் கொடுக்கத் தோதாகத் திருப்பங்களைக் குறுக்கினார். உள்ளே இருந்த கண்ணாடி அறைகளைவிட வரிசைதான் பேர் வாங்கியது. இரண்டு கல்யாணங்கள் அதில் நின்றபடியே நிச்சயமாயின.

கதவில் சீட்டுக் கிழிப்பவள் அவர் மனைவி. முதலில் விளையாடுகிறார் என்று நினைத்தாள். பிறகு கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இழுக்க இழுக்கக் கயிற்றுப் பாதைதான் நீண்டது. அவருக்கு முன்னால் எப்போதும் இரண்டு பேர். அந்த இருவர் உள்ளே போனதும் வேறு இருவர். சில மாதங்களில் மற்றவர்கள் கண்ணுக்கு அவர் தெரியாமல் போனார். ஆனாலும் அந்த இடத்தில் ஓராள் அகலம் விட்டுத்தான் நின்றார்கள். கூடத்தின் உரிமத்தைத் தன் பேருக்கு மாற்றப் போனபோது, இறந்தவரா, காணாமல் போனவரா என்று கேட்ட அலுவலகக் குமாஸ்தாவிடம், வரிசையில் நிற்கிறார் என்றாள். அதற்குக் கட்டம் இல்லையென்று படிவம் திரும்பி வந்தது. அழுவதா, சமைத்து வைப்பதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. பல நாள் இரண்டையும் செய்தாள்.

மூன்றாம் வருடம் கூட்டம் குறைந்தபோது கொழுந்தன் வந்து உட்கார்ந்தான். "நின்னு காய இப்ப யாருக்கு அண்ணி பொறுமை இருக்கு? போன்லயே நேரம் குடுத்துடலாம். வந்தமா, பாத்தமா, கிளம்பினமான்னு இருக்கணும்." அவள் சரியென்றதற்குக் காரணம் வேறு. முன்னால் ஆளே இல்லாவிட்டால் அவர் வந்துதானே ஆகவேண்டும்.

மறுநாள் ஜனங்கள் குறித்த நேரத்துக்கு வந்து பக்கவாசல் வழியே போனார்கள். வெறும் கயிற்றுப் பாதையில் அவர் மட்டும், அதே இடத்தில், கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"வாங்களேன். முன்னாடிதான் யாருமே இல்லையே."

அவர் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களேம்மா. இடிச்சுக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

அன்று முழுக்க அவரைச் சுற்றி அரட்டைச் சத்தமே இல்லை. மாலையில் அவள் கொழுந்தனைக் கூப்பிட்டு, பழையபடி வரிசையே இருக்கட்டும் என்றாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு, தனியாக நிற்கிறார் என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ஜனங்கள் நிற்கிறார்கள், அலுத்துக்கொள்கிறார்கள், நடுவில் ஓராள் அகலம் விட்டு அரட்டையடிக்கிறார்கள். அவள் சீட்டுக் கிழிக்கிறாள். அவருக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர்.