பந்துக்குள் இருப்பது

மாடிவீட்டுக்காரி கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்துகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து தெருவே அவளை ‘டீச்சர்’ என்கிறது. பெயர் வைத்தது நான்தான். ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்று சாதாரண ஜனங்கள் சொல்வதை அப்படியே தட்டுவாள். பிறகு குறுக்கே ஒரு கேள்வி போடுவாள். சரியான பதில் வந்தால் அதற்குப் புரிந்துவிட்டது. இன்று மாலைக்குள் இன்னும் ஒரே ஒரு பாடம் புரிந்தாக வேண்டும், இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மத்தியானத்தில் மாடிப்படியில் நல்ல காற்று வரும், அவ்வளவுதான்.

டீச்சர் வீட்டுக் கழிவறைத் தொட்டி நிற்காமல் வழிகிறது என்று பிளம்பர் வந்திருந்தார். தொட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பந்தை மாற்றி முடித்ததும் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, இது எப்படி வேலை செய்யுது?”

“இதுல என்னம்மா இருக்கு? தண்ணி ஏற ஏறப் பந்தும் மேல வரும். வந்து குழாய் வாயை அடைச்சிடும். தண்ணி நின்னுடும்.”

தூறல் விழுவதுபோல் அவள் தட்டும் விசைகளின் சத்தம். வெயில் படிப்படியாக இறங்கி என் மடியில் படுத்துக்கொண்டது. கண் சொக்கியது. எங்கோ ஒரு தொட்டியில் நானே மிதப்பதுபோல் இருந்தது.

“பந்துல ஓட்டை விழுந்தா என்ன ஆகும்?” கேள்வியை வாய்விட்டுச் சொல்லித் தட்டினாள். பதிலையும் படித்தாள்: “‘ஓட்டை வழியா தண்ணி போயி தொட்டி காலியாகும்.’ போச்சுண்ணே!”

“நான் சரியாத்தானே சொன்னேன்?” என்றவர், கம்ப்யூட்டருக்குக் காது மந்தம் என்பதுபோல் அதையே சத்தமாகச் சொன்னார். மறுபடியும் அதே பதில்.

“விடுங்கண்ணே. என் ராசி அப்படி.” குரல் உடைந்திருந்தது.

பாதித் தூக்கத்தில் என் வாய் முந்திக்கொண்டது. “உள்ள காத்து இருக்குன்னு ரெண்டு பேரும் சொல்லவே இல்லையே! அதனாலதானே மிதக்குது!”

கதவு திறந்தது.

“அக்கா, எவ்ளோ நேரமா இங்க?”

“இப்பத்தான் வந்தேன்.”

“இப்ப வந்தவங்களுக்கு முதல்லேர்ந்து தெரியுது!” என்றார் பிளம்பர்.

அவள் ஓடிப்போய் அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். பிறகு மெல்லப் படித்தாள்: “‘ஓட்டை வழியா தண்ணி உள்ள புகுந்து பந்து கனத்துப்போகும். மேல வராது. தண்ணி நிக்காம வழியும்.’ அக்கா...” என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிளம்பர் குழாயைத் திறந்துவிட்டார். மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீரின் சத்தம் மெலிந்து, மெலிந்து, நின்றது.

“நிறைஞ்சதும் எப்படி வாயை மூடிக்குது பாருங்க” என்றார் பிளம்பர், என்னைப் பார்த்து.

இருக்கட்டும். என் பந்தில் பிறவியிலேயே ஓட்டை.