தொழுகைத் தழும்பு

அறுநூற்று எண்பத்திரண்டு.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அஸ்ஃபியா அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த எண் கொஞ்சமாவது குறைந்திருக்காதா என்று ஓர் அசட்டு நம்பிக்கை. பக்கத்தில் அவள் மகள் ஸைமா, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி காலாட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை.

"மெஷின் தப்புன்னு நெனச்சு ரெண்டாந்தரமும் ஓட்டுனோம்மா. அதேதான் வந்துச்சு" என்று ரத்தம் எடுத்தவர் சொல்லியிருந்தார். பெரியவர்களுக்கே இருநூறுக்குள் இருக்க வேண்டிய கொழுப்பு அது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உடம்பு பரிசோதனை நடந்தது. நர்ஸ் கண்மணி எடை பார்த்தார், பல் பார்த்தார், பிறகு ஸைமாவின் காலைத் தூக்கிப் பார்த்தவர் கீழே வைக்கவே இல்லை. குதிகாலுக்கு மேலே, பின்பக்கத்து நரம்பில் இரண்டு மஞ்சள் கட்டிகள். முழங்காலிலும் முழங்கையிலும் சின்னச் சின்னதாக இன்னும் சில. அஸ்ஃபியாவை வரவழைத்து, "இது என்னம்மா?" என்று கேட்டார்.

"அது எங்க வீட்டு அடையாளம் சிஸ்டர். எங்க அத்தாவுக்கும் இருந்துச்சு." பெருமையாகத்தான் சொன்னாள்.

கண்மணி சிரிக்கவில்லை. "எதுக்கும் ரத்தத்துல கொழுப்பு எவ்வளவுன்னு பாத்துருங்க."

"இவளுக்கா? காத்தடிச்சா ஏரியில போயி விழுந்துருவா சிஸ்டர்."

இப்போது டாக்டரம்மா அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு, ஸைமாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க வீட்ல சின்ன வயசுல, நாப்பது நாப்பத்தஞ்சுல, திடீர்னு இறந்தவங்க யாராவது உண்டா?"

அஸ்ஃபியாவைப் பெற்ற அத்தா இப்ராம்சா நாற்பத்தோரு வயதில் போனவர். அவருக்கு மூத்தவர் முப்பத்தெட்டில் போனார். கொடைக்கானல் மூஞ்சிக்கல் பஜாரில் இப்ராம்சாவின் மரணத்தை இன்றைக்கும் வாய்நிறையச் சொல்வார்கள். அதிகாலைத் தொழுகைக்கு வெள்ளனே போனவர், பள்ளிவாசல் தொட்டியோரம் உட்கார்ந்து, தொழுமுன் கைகால் கழுவுகிற ஒளுச் செய்து, கடைசியாக இடது காலைக் கழுவும்போது அப்படியே சாய்ந்துவிட்டார். கை, முகம், கால் எல்லாம் சுத்தமாக அல்லாவிடம் போனவர் என்றார்கள். குளிப்பாட்டியவர்கள் அவர் குதிகால் கட்டிகளைப் பார்த்தார்கள். கைமுட்டியில் இருந்ததையும் பார்த்தார்கள். தொழுகையில் கால் மடித்து உட்கார்ந்தே காய்த்த கால், நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவிலிருந்து ஊன்றி எழுந்தே காய்த்த கை என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அது தொழுகைத் தழும்பு.

ஸைமாவுக்கு நாலு வயதில் அதே இடத்தில் அதே கட்டி வந்தபோது, அஸ்ஃபியாவின் மாமியார் மதீனா பீவி தெருவையே கூட்டிவிட்டாள். இப்ராம்சாவின் கூடப்பிறந்த தங்கை அவள். அஸ்ஃபியாவுக்கு மாமியும் மாமியாரும் அவளேதான். "தொழ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தழும்பு வந்துருச்சு பாத்தியளா, எங்க அண்ணன் வித்து" என்று பிள்ளையின் பாவாடையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். பெருநாளுக்கு வருகிற பெண்கள் ஸைமாவின் காலை முத்திவிட்டுக் கையில் மிட்டாய் கொடுத்துப் போவார்கள்.

"மாப்பிள்ளை சொந்தமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மாமி மகன்தான்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு, "ரத்தத்துல ஓடுற கொழுப்ப ஈரல் கை நீட்டிப் பிடிச்சு உள்ள இழுத்துக்கும்மா. அந்தக் கைய எப்படிச் செய்யணுங்கிற குறிப்பு அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணு பிள்ளைக்கு வரும். ஒண்ணு பழுதா இருந்தா பாதிக் கை. நாப்பது வயசுல நெஞ்சடைக்கும். இவளுக்கு ரெண்டுமே பழுதுன்னு நெனைக்கிறேன். இந்தக் கட்டியெல்லாம் வெளிய போக வழியில்லாம தங்குன கொழுப்பு. இதே மாதிரி இதயக் குழாயிலயும் தங்கும். இவளுக்கு நாப்பது வரைக்கும் டைம் இல்ல" என்றார்.

"நான் கறி அதிகமா குடுத்துட்டேனா டாக்டர்?"

"நீங்க கஞ்சி மட்டும் ஊத்தியிருந்தாலும் வந்திருக்கும். சாப்பாட்டோட வந்ததில்ல, பொறப்போட வந்தது." குனிந்து அஸ்ஃபியாவின் குதிகாலையும் அழுத்திப் பார்த்தார். அங்கேயும் நரம்பு லேசாகத் தடித்திருந்தது. "திங்கக்கிழமை காலைல மதுரையில ஒரு இருதய டாக்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன். அப்பா, அம்மா, பிள்ளை, மூணு பேர் ரத்தமும் வேணும். ரெண்டு பேரும் எதைக் குடுத்திருக்கீங்கன்னு பாத்தாத்தான் எந்த மருந்து கேக்கும்னு அவங்களுக்குத் தெரியும். நாளைக் கடத்தாதீங்க."

வீட்டில் மதீனா பீவி மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ரத்தக்கொதிப்புக்கு வெறும் வயிற்றில் நாலு பல் என்பது அவள் வைத்தியம். அஸ்ஃபியா சொல்லி முடிக்கும்வரை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டை நகர்த்தி வைத்தாள்.

"எங்க அண்ணன் ஒளுச் செய்யயில மௌத்தானவரு. ஊரே கண்ணுல ஒத்திக்கிட்ட காலு அது. பெத்த மகளே அதக் கொழுப்புங்கிற. கொழுப்பு உனக்குத்தாண்டி ஏறிக் கெடக்கு."

"மாமி, பிள்ளை உசுரு..."

"பிள்ளைக்கு என்ன கொறச்சல்? அந்த நர்ஸு கண்ணு வச்சுட்டா. சாயங்காலம் ஓதித் தண்ணி எறச்சா சரியாப்போகும்."

அஸ்ஃபியா கணவன் பாசித்தைப் பார்த்தாள். ஸ்வெட்டர் கடையிலிருந்து சாப்பிட வந்தவன், கால்மேல் கால் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். காலில் கறுப்புச் சாக்ஸ். வீட்டுக்குள்ளும் படுக்கையிலும் அவன் சாக்ஸைக் கழற்றி அவள் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. கொடைக்கானல் குளிரில் அதை யாரும் கேட்பதில்லை.

"மச்சான், திங்கக்கிழம ஒரு நாள்தான்."

"தீபாவளிக் கூட்டம் வர்ற நேரம். எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு. நீ மட்டும் போயிட்டு வா."

"ரெண்டு பேரும் வேணும்னாங்க."

"டாக்டருக என்னத்தையாவது சொல்லுவாக" என்று டிவியைப் பார்த்தே சொன்னான். டிவியில் அப்போது சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து மேட்டில் ஏறும்போது ஸைமா பாலத்துத் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். மற்றப் பிள்ளைகள் தாண்டி ஓடினார்கள்.

"என்னாச்சு ஆத்தா?"

"நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்கம்மா. இரு, எந்திரிச்சுப் போயிருவாங்க."

இதற்கு முன்னாலும் இப்படி உட்கார்ந்திருக்கிறாள். ஷூவுக்குள் கல் என்பாள், மேகம் பார்க்கிறேன் என்பாள். அஸ்ஃபியா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஏறும்போது அவள் நெஞ்சே படபடத்தது. தன்னுடையதும் அதே நெஞ்சுதானே என்ற நினைப்பு வந்தது. இந்தப் பிள்ளையை நானல்லவா இப்படிச் செய்து வைத்திருக்கிறேன்? பாதியை நான் கொடுத்தேன், பாதியை அவர் கொடுத்தார். ஊர் கூடி மேளம் கொட்டிக் கொடுத்தோம்.

சனிக்கிழமை கொஞ்சம் வெயில் வந்தது. கிடைத்த வெயிலை விடக் கூடாதென்று அழுக்குத் துணியை எல்லாம் அள்ளிப் போட்டுத் துவைத்தாள். பாசித்தின் சாக்ஸ்கள் மட்டும் ஆறு ஜோடி. பிழிந்து கொடியில் வரிசையாக மாட்டியவள் ஐந்தாவது ஜோடியில் நின்றுவிட்டாள்.

எல்லாச் சாக்ஸும் ஒரே இடத்தில் உப்பியிருந்தன. குதிகால் அல்ல, குதிகாலுக்கு மேலே, பின்பக்கம். நூல் இளகி, உள்ளே யாரோ எலுமிச்சங்காயை வைத்துக் கட்டிப்போட்டிருந்த மாதிரி. இரண்டில் அந்த இடம் தேய்ந்து ஓட்டையே விழுந்திருந்தது. ஈரம் உலர உலர அந்த உப்பல் சுருங்காமல் அப்படியே நின்றது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஐந்து வேளைக்கும் கடையை அடைத்துப் பள்ளிவாசலுக்குப் போய்வருகிற மனிதன். கால் கழுவிய ஈரத்தோடு ஒரு நாளாவது ஒரு சாக்ஸ் வீட்டுக்கு வந்ததுண்டா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஆறு ஜோடியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். பாசித் ஒரு வெளியூர் அம்மாவுக்குக் குரங்குக் குல்லா மாட்டிவிட்டுக் கண்ணாடி காட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மா போகும்வரை காத்திருந்து, பையைக் கவிழ்த்தாள்.

"என்ன இது, நம்ம கடைச் சரக்கா?"

"உங்க சரக்குதான்."

ஒன்றை எடுத்து, உப்பிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். பாசித் சாலையைப் பார்த்தான். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"எப்பருந்து?"

"மூணு வருஷம்." குரல் அடியிலிருந்து வந்தது. "அம்மா பாத்துச்சுன்னா ஊரையே கூட்டிக் கொண்டாடும். நான் தொழுகைய விட்டு அப்பவே ரெண்டு வருஷம் ஆச்சு. பள்ளிக்குன்னு கெளம்பி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்காந்திருந்துட்டு வர்றவன் நான். தொழாதவனுக்கு எப்படித் தழும்பு வரும்? அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இது வேற என்னமோன்னு. மாமாவைக் கொண்டுபோனது இதான்னு. எனக்கு முப்பத்தஞ்சு அஸ்ஃபியா. ஒவ்வொரு நாளும் காலைல எந்திரிச்சா, இன்னைக்கா, நாளைக்கான்னு..."

அவன் ஒரு சாக்ஸை எடுத்து, உப்பிய இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தான். வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"ஸைமா காலு உங்க கண்ணு முன்னாடிதான கெடந்துச்சு? இது தழும்பு இல்லன்னு தெரிஞ்சும், வந்தவ போனவ எல்லாம் முத்திட்டுப் போகயில பாத்துக்கிட்டு நின்னீங்களா மச்சான்?"

ஸ்வெட்டர்களுக்கு நடுவே அவன் வாயைத் திறந்து திறந்து மூடியதை அஸ்ஃபியா பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூட நேரம் இல்லாத மாதிரி இருந்தது.

"மாமி என்னை நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லணும். இப்பவே."

"தொழலேன்னு எப்படி அம்மா மூஞ்சியில முழிச்சுச் சொல்லுவேன்?"

"பிள்ளைக்குக் குழி வெட்டயில சொல்லிக்கிறீங்களா?"

அவன் எழுந்தான்.

மதீனா பீவி ஸைமாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். பாசித் போய் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி, சாக்ஸை உருவினான். வெயில் படாத வெளிறிய காலில் அந்தக் கட்டி தனியாகத் தெரிந்தது.

மதீனா பீவியின் முகம் மலர்ந்தது. "அல்லாவே, உனக்கும் குடுத்துட்டானா. ஏன்டா மறச்சு வச்ச?"

"அம்மா, நான் தொழுது அஞ்சு வருஷம் ஆச்சு."

சீப்பு பிள்ளையின் முடியிலேயே நின்றது.

"ஜும்மாவுக்குக்கூடப் போறதில்ல. இது தொழுகையில வந்ததில்லம்மா. வியாதி. மாமாவுக்கும் இதான். எனக்கும் இதான். இவளுக்கு ரெண்டு மடங்கு."

மதீனா பீவி மகனை அடிப்பாள் என்று அஸ்ஃபியா நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. தன் சேலையைக் கொஞ்சம் விலக்கித் தன் குதிகாலைத் தடவினாள். அங்கேயும் இருந்தது. இத்தனை வருஷம் யாரிடமும் காட்டாமல், தனக்கும் கிடைத்துவிட்டதென்று உள்ளுக்குள் வைத்திருந்த சொத்து அது.

"அப்ப எங்க அண்ணன்?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. "அவரு தொழுததெல்லாம்?"

அஸ்ஃபியா அவள் அருகே உட்கார்ந்தாள். "அத்தா தொழுதது தொழுததுதான் மாமி. அத யாரு எடுக்க முடியும்? கட்டி வேற, தொழுகை வேற."

மதீனா பீவி சீப்பை மறுபடி பிடித்தாள். விட்ட இடத்திலிருந்து பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். "இவன் காலு அப்பவே தெரிஞ்சிருந்தா, பிள்ளைய அப்பவே" என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாத நேரம். மதுரைக்குப் போகிற முதல் பஸ்ஸில் அஸ்ஃபியா ஸைமாவோடு உட்கார்ந்திருந்தாள். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். பாசித் கடைச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றான். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார், இன்னும் காணோம். பனியில் பஸ் ஸ்டாண்டின் மறுகோடியே தெரியவில்லை. அந்த டீக்கடை மட்டும் ஸ்டவ் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தது. அங்கேதான் உட்கார்ந்திருப்பானோ? அஸ்ஃபியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். அவன் வராவிட்டால் பிள்ளையின் ஒரு பாதி இங்கேயே கிடக்கும்.

முதலில் ஏறியது மதீனா பீவி. கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினாள். "தள்ளி உக்காரு. என் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லு. எங்கருந்து ஆரம்பிச்சதுன்னு பாக்கட்டும்."

அவள் பின்னாலேயே பாசித் ஏறினான். அந்தக் குளிரில் வெறும் செருப்பு மாட்டியிருந்தான். சாக்ஸ் இல்லை.

"வெரசா வாங்கய்யா" என்று கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் வளைவில் திரும்பி இறங்கத் தொடங்கியது. ஸைமா குனிந்து அத்தாவின் காலைப் பார்த்தாள். தன் காலையும் அதன் பக்கத்தில் நீட்டி வைத்தாள்.

"அத்தா, உங்களுக்கும் இருக்கு. ஆனா என்னோடதுதான் பெருசு."

"ஆமா ஆத்தா" என்றான் பாசித், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "உன்னோடதுதான் பெருசு."