மெட்டில்டாவின் வாய்

மெட்டில்டாவின் தாடை வீங்கியதும் ருவான்வெல்லைப் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டமே டொக்டராகிவிட்டது. வாயில் கேன்சர் என்றால் வெற்றிலைதான். வெற்றிலை போடாதவளுக்கு வந்தால் ஒளித்துப் போட்டிருக்கிறாள். லயத்து வரிசை வீடுகளில் தீர்ப்புச் சொல்ல இவ்வளவு போதும்.

பிறந்ததிலிருந்து அவள் வெற்றிலையைத் தொட்டதில்லை. புகையிலை அடக்கிய கன்னத்தோடு தனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்களைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொழும்பு ஆஸ்பத்திரியில் தசை எடுத்துப் பார்த்த டொக்டரம்மா சிங்களத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தாள். வேர் வாயில் இல்லை, கழுத்தில், தைராய்டில். அங்கிருந்துதான் தாடை எலும்புக்குப் பரவியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே வார்டில் சேர வேண்டும், தள்ளிப்போட்டால் தாடை மிஞ்சாது. கழுத்துக் கட்டி பல வருஷமாக எல்லார் கண்ணிலும் பட்டதுதான். அப்போது ஒரு நாய்கூட என்னவென்று கேட்கவில்லை.

நாத்தனார் எஸ்தர் ஜெபக்கூட்டத்தில் பெரிய மனுஷி. "அண்ணி, டொக்டருக்கு என்னா தெரியும்? கழுத்துல உள்ளது எப்புடி வாய்க்கு ஏறும்? ஞாயித்துக்கெழம சபையில எந்திரிச்சு, ஒளிச்சு வெத்தல போட்டேன்னு ஒத்துக்கங்க. ஆண்டவர் சொகம் குடுப்பாரு. ஆஸ்பத்திரிய பொறவு பாப்போம்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளே இரண்டு தடவை வாசலில் சிவப்பாகத் துப்பினாள்.

புருஷன் அந்தனி, தங்கச்சி கிழித்த கோட்டைத் தாண்டாதவன். "ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவ? சொல்லு, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான். துணையில்லாமல் ஆபரேஷனுக்குப் போக அவளுக்குப் பயம். அது தெரிந்துதான் பேரம் பேசினான். இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று இருந்தது அவளுக்கு.

ஞாயிறு காலை துணிப்பையோடு சபைக்குப் போனாள். எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லுங்க அண்ணி" என்றாள்.

பேசும்போது தாடை விண்ணென்று வலித்தது. "நான் வெத்தல போட்டதில்ல. ஆண்டவர் முன்னால பொய் சொல்ல வைக்கப் பாக்குறது நீங்கதான். கழுத்துக் கட்டிதான் தாடைக்கு வந்திருக்கு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஏங்க, வாறீங்களா இல்லையா?"

எல்லாரும் கதவோரம் நின்ற அந்தனியைத் திரும்பிப் பார்த்தார்கள். பதில் சொல்லப் பார்த்தான், முடியவில்லை. கன்னம் நிறைய வெற்றிலைச் சாறு. கையைக் காட்டி அவளைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, துப்புவதற்காக வெளியே ஓடினான்.

மெட்டில்டா பையை எடுத்துக்கொண்டு, குனிந்து துப்பிக்கொண்டிருந்தவனைத் தாண்டி பஸ் ரோட்டுக்கு இறங்கினாள். பயம் அப்படியே இருந்தது. ஆனால் அந்த வாய் காலியாகும்வரை காத்துக்கொண்டு நிற்க அவளுக்கு அசிங்கமாக இருந்தது.