வாசப்படிக்காரரின் கட்டைவிரல்

பழைய நாற்காலி, மேசை, பீரோ வாங்கி விற்கிற அவருக்கு மார்க்கெட்டில் வாசப்படிக்காரர் என்று பெயர். விலை பேசும்போது ஒரு கட்டத்தில் சட்டென்று எழுந்து, "சரிப்படாது, வரேன்" என்று வாசலைப் பார்த்து நடந்துவிடுவார். ஒரு கால் படியைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வரும்: "அட, இருங்க, உட்காருங்க." முப்பது வருஷமாக அந்தக் குரலை நம்பித்தான் பிழைப்பு.

ஆஸ்பத்திரியிலும் அதையே செய்து பார்த்தார்.

வலது கால் கட்டைவிரலுக்கு அடியில், உள்ளங்காலில் ஒரு புண். சர்க்கரை நோயில் பாதம் மரத்துக் கிடந்ததால் அது வந்ததே அவருக்குத் தெரியவில்லை. சாக்ஸில் இருந்த ஈரத்தைப் பார்த்து அவருடைய வீட்டுக்காரம்மாதான் கண்டுபிடித்தார்.

"நாலு வாரம் பார்ப்போம்" என்றார் டாக்டர். "அதுக்குள்ள புண் பாதியா சுருங்கணும். சுருங்காம எலும்புக்குப் போயிட்டா, விரலை எடுக்க வேண்டி வரும்."

"நாலு ரொம்பக் கம்மி. எட்டு வைங்க."

"நாலு."

"சரிப்படாது டாக்டர், வரேன்."

எழுந்தார், நடந்தார், வாசல் வந்தது. குரலும் வந்தது. ஆனால் அது டாக்டருடையது இல்லை, புண் கட்டுகிற நர்ஸம்மாவுடையது.

"ஐயா! அந்தக் காலை ஊனாதீங்க!"

வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

நர்ஸம்மா அவரை உட்காரவைத்து, புண்ணைச் சுற்றிக் காய்த்துப்போயிருந்த தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். பிறகு கட்டம் போட்ட கண்ணாடித் தாளை மேலே வைத்துப் புண்ணின் ஓரத்தை வரைந்து எண்ணினார். இருபத்துநாலு கட்டம்.

"என்ன சிஸ்டர், வரும்போது சின்னதாத்தானே இருந்துச்சு? நீங்க சுரண்டிப் பெருசாக்கிட்டீங்களே!"

"செத்த தோல் மேடு கட்டி நின்னா புதுத் தோல் எந்த வழியா வரும்? இப்பத்தான் புண்ணோட நிஜ அளவு தெரியுது."

அந்த நியாயம் அவருக்குப் புரிந்தது. பெயின்ட் அடித்த பீரோவை அவரும் சுரண்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை.

ஈரம் காக்கிற மருந்துத் துணியை வைத்துக் கட்டி, முழங்கால் வரை வருகிற கனத்த பூட்ஸ் ஒன்றை மாட்டிவிட்டார் நர்ஸம்மா. "மருந்து பாதி வேலைதான் செய்யும். புண் மேல உடம்புப் பாரம் விழாம இருக்கறதுதான் மீதி. இது இல்லாம ஒரு அடி நடக்கக் கூடாது."

"வீட்டுக்குள்ள நாலு அடி?"

"நாலு அடியும் அடிதான் ஐயா."

தொல்லை மறுநாளே ஆரம்பித்தது. பூட்ஸோடு டொக் டொக்கென்று வெளிநடப்புச் செய்கிறவரைப் பார்த்து எவனுக்குப் பயம் வரும்? அவர் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் எதிராளி டீயே குடித்து முடித்துவிடுவான். அதனால் பூட்ஸ் சாமான் ஏற்றுகிற வேனிலேயே தங்கிவிட்டது. வீடு திரும்பும்போது மட்டும் காலில் ஏறிக்கொண்டது.

அடுத்த வாரம் நர்ஸம்மா எண்ணினார். அதே இருபத்துநாலு. பூட்ஸைத் திருப்பி அடியை அவர் முகத்துக்கு நேரே காட்டினார்.

"ஐயா, இது விலைக்கு வந்த சாமான்னு வைங்க. எத்தனை நாள் உழைச்சிருக்கும்?"

தொழில் புத்தி வாயை முந்திக்கொண்டது. "உழைக்கவே இல்ல. புத்தம் புதுசு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

"ஒரு வாரமா என் கண்ணுல மண்ணைத் தூவினீங்களா?" என்றார் வீட்டுக்காரம்மா. திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அந்த அம்மா அழுதுவிட்டார். அது அவருக்குச் சுருக்கென்றது.

"சீழ் இல்ல, ரத்த ஓட்டமும் நல்லா இருக்கு" என்றார் நர்ஸம்மா. "இனிமே நீங்க கழற்றவே முடியாத கட்டு. வாராவாரம் நான்தான் வெட்டுவேன், நான்தான் போடுவேன். ரொம்ப நடக்காதீங்க."

விரல் நுனியிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை காலை அச்சு வார்த்தது போல மாவுக்கட்டு இறுகியது. மீதி மூன்று வாரம்.

நேரம் பார்த்து ஒரு விடுதி மூடுவிழாவுக்கு வந்தது. அறுபது கட்டில், அறுபது மேசை. விடுதிக்காரரின் அறையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்காரம்மாவுக்குக் காதில் சொல்லிக்கொடுத்தார்: "நான் இருமினதும் நீ எழுந்து நட. கூப்பிடுவாங்க."

இருமினார். அந்த அம்மா எழுந்தார், நடந்தார். ஆனால் வாசலில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. விறுவிறுவென்று போய் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அறையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

"அவங்க போயிட்டாங்களே, நீங்க போகலையாண்ணே?"

வாசப்படிக்காரர் வாசலைப் பார்த்தார். பத்தடி இருக்கும். கால் கட்டைப் பார்த்தார்.

"போகலை. நீங்களே பார்த்து ஒரு விலை சொல்லுங்க."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. விடுதிக்காரருக்கு வியர்த்தது. வாசப்படிக்காரர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால் இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது! அவராகவே விலையில் ஒரு படி இறங்கினார். இவர் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு படி இறங்கினார்.

"சரி" என்றார் இவர். சாமான் ஏற்ற ஆட்களை அனுப்பிவிட்டு நேரே வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மார்க்கெட் பக்கமே போகவில்லை. மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினார். ஒவ்வொரு வாரமும் கட்டு மாற்றும்போது சுவரைப் பார்த்துக்கொண்டார். புண்ணைப் பார்க்க தைரியம் இல்லை.

நாலாவது வாரம். டாக்டரும் வந்து நின்றார். நர்ஸம்மா கட்டை அறுத்துப் பிரித்து, ஓரத்தைச் சுரண்டி, தாளை வைத்து வரைந்தார். பேனா முனையால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினார். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தில் வாசப்படிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினொண்ணு" என்றார் நர்ஸம்மா. பேனா மேசையில் விழுந்த சத்தம் கேட்டது.

"பாதிக்கும் கீழே. அடியில செக்கச்செவேல்னு புதுச் சதை" என்றார் டாக்டர். "விரலை எடுக்கற பேச்சுக்கே இடமில்ல. ஆறி முடியற வரைக்கும் கட்டு தொடரட்டும்."

வாசப்படிக்காரர் கண்ணைத் திறந்தார். விட்ட மூச்சு நீளமாக வந்தது.

வீட்டுக்காரம்மா குனிந்தார். "தொடலாமா சிஸ்டர்?"

"விரலைத் தொடுங்கம்மா. புண் பக்கம் மட்டும் போகாதீங்க."

கட்டைவிரலின் நுனியை இரண்டு விரலால் மெல்லப் பிடித்தார்.

"தெரியுதாங்க?"

"ஒண்ணும் தெரியல."

"தெரியலேன்னா போகுது" என்றார் அந்த அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. "இருக்குல்ல!"

பிடியை விடவில்லை. நர்ஸம்மா புதுக் கட்டு போட வந்து, சிறிது நேரம் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார்.