நாளொன்றுக்கு மூன்றடி

கார்னட் ஃபிளாட்ஸில் மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை வெண்டல் ப்ரூயிட் சுட்ட குண்டு, ஐம்பது கெஜத்திலிருந்த இலக்கை ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தது. ஐம்பது நாள் அவகாசம் இருந்தும் நடுப்புள்ளியை நான்கு அங்குலம் தவறவிட்டது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. வெண்டல் சுட்டால் அப்படித்தான்.

குண்டைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் சுட்ட அதே பெட்டித் தோட்டாதான். அணிலையும் தகர டப்பாவையும் சுட ஐடஹோவில் எல்லார் வீட்டிலும் இருக்கிற இருபத்திரண்டு காலிபர் ரகம். கோளாறெல்லாம் துப்பாக்கிக்கு வெண்டல் செய்திருந்த அலங்காரத்தில். பள்ளிப் பேருந்துகளை முப்பத்தோரு வருடம் பழுது பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். ஒருநாள் மாவட்டச் சந்தையில் உயரத் தொப்பியும் பித்தளைக் கண்ணாடியுமாக ஒரு கூட்டத்தைப் பார்த்தார். உலகம் நீராவி இயந்திரத்தோடு நின்றிருந்தால் பொருள்களெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து, அப்படியே உடுத்தி, அப்படியே செய்து பார்ப்பவர்கள். ஸ்டீம்பங்க் என்றார்கள். ஐம்பத்தெட்டு வயதில் வெண்டலுக்கு அது காதல் மாதிரி பிடித்துக்கொண்டது. இரண்டு குளிர்காலம் கார் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. துப்பாக்கியின் கறுப்பு பிளாஸ்டிக் பின்கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வால்நட் மரத்தில் புதுக் கட்டை செதுக்கி, பதினான்கு தடவை எண்ணெய் பூசினார். குழலுக்கு மேல் செம்புக் குழாய்களை ஓட்டினார். பழைய கொதிகலனின் அழுத்தமானி ஒன்றைப் பக்கவாட்டில் பதித்தார். அது எந்த அழுத்தத்தையும் அளக்கவில்லை. முள் எப்போதும் நாற்பதிலேயே நின்றது. கடைசியில் பல்சக்கரங்கள் போதாமல் போகவே, மனைவி மார்வாவின் அப்பா விட்டுப்போன சுவர்க் கடிகாரத்தைத் திறந்து பதினேழு சக்கரங்களை எடுத்து வரிசையாக ஒட்டிவிட்டார். மார்வா அதைப் பார்த்தாள். இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஊரின் கிழக்கு ஓரத்திலிருந்த தன் அம்மாவின் காலி வீட்டுக்குப் போய்விட்டாள். வெண்டல் அதை நான்கு நாள் கழித்து, பசித்தபோது கவனித்தார்.

சுடுகளத்துக்கு அவர் அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்த அன்று துப்பாக்கிச் சங்கத்தார் எல்லாரும் தங்கள் துப்பாக்கிகளைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். உண்மையிலேயே அழகாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள மனமில்லாததால், "வெண்டல், இதுல காபியும் போடலாமாடா?" என்று ஒருவர் கேட்டார். "விசில் எத்தனை வந்ததும் சுடணும்?" என்று இன்னொருவர். வெண்டல் காதில் வாங்காமல், நின்றபடியே குறி பார்த்து, விசையை இழுத்தார். சத்தம் சரியாகத்தான் வந்தது. குண்டு குழலின் வாயிலிருந்து பாதி எட்டிப்பார்த்தது. பத்து நிமிடத்துக்குப் பிறகு முழுதாக வெளியே வந்து காற்றில் நின்றது. நிற்கவில்லை, போய்க்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு மூன்றடி.

அதைத் தடுத்துப் பார்த்தார்கள். ஒட்டுப்பலகை வைத்தார்கள், அரை அங்குல இரும்புத் தகடு வைத்தார்கள், காங்கிரீட் நிரப்பிய பீப்பாய் வைத்தார்கள். அது எதனோடும் சண்டை போடவில்லை. சுத்தமாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு தன் வேகத்தில் மறுபக்கம் வந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தவர்கள் இடுக்கியோடு மூன்றடி நகர்ந்தார்கள். இலக்குக்குப் பின்னாலிருந்த மண்மேட்டுக்குள் அது நுழைந்தபோது ஊரே நிம்மதியாக மூச்சுவிட்டது. ஏழாம் நாள் மேட்டுக்கு அந்தப் பக்கம் மூக்கை நீட்டியது. அன்றே ஷெரீஃப் லைல் டெட்ரிக் ஒரு வரைபடத்தையும் நீள அளவுகோலையும் எடுத்துக்கொண்டு வெண்டலைத் தேடி வந்தார்.

"சங்கத்து விதி என்ன சொல்லுது, வெண்டல்?"

"சுட்ட குண்டு நிக்கிற வரைக்கும் சுட்டவன்தான் பொறுப்பு."

"அப்ப நாற்காலிய எடுத்துக்கோ. அதுகூடவே போ. ஆள், மாடு, குழந்தை எதுவும் குறுக்க வராம பாத்துக்கோ." ஷெரீஃப் அளவுகோலை வரைபடத்தில் வைத்தார். "லூத்தரன் சர்ச், பழைய தானியக் கிடங்கு, டோரியோட உணவகம்... அப்புறம்..." விரல் கிழக்கு ஓரத்தில் போய் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணு வருஷம் கழிச்சு, ஏப்ரல்ல, மார்வா வீட்டு சமையலறை."

வெண்டல் வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "நான் குறி வெச்சு எதையும் அடிச்சதில்ல, லைல்," என்றார். "இத மட்டும் எப்படி அடிச்சேன்?"

அப்படியாக வெண்டல் ப்ரூயிட் மடக்கு நாற்காலியோடும் சிவப்புக் கொடியோடும் குண்டின் பக்கத்தில் உட்காரத் தொடங்கினார். இரவில் அதன்மேல் கம்பிக் கூண்டு ஒன்றை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். காலையில் கூண்டை எடுத்து ஓரடி, ஒன்றரையடி முன்னால் வைப்பார். முதல் வருடம் வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். அவர்கள் தன்னை இயந்திர மேதை என்று நினைத்துவிடக் கூடாதே என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்: "ஓடாத சக்கரம் பதினேழு ஒட்டினேன். பதினெட்டாவது நான்." இரண்டாம் வருடம் குண்டு லூத்தரன் சர்ச்சுக்குள் போனது. பாஸ்டர் பீடத்தை இரண்டடி தள்ளி வைத்துப் பிரசங்கம் செய்தார். முப்பது வருடமாக எட்டிப்பார்க்காத வெண்டல் வேறு வழியில்லாமல் மூன்று ஞாயிறு தொடர்ந்து ஆராதனைக்கு வந்தார். பாட்டுக்கு எழுந்து நிற்கும்போதெல்லாம் கொடியும் கூடவே எழுந்தது. மேய்ச்சல் நிலத்தில் அவர் கண்ணயர்ந்த ஒரு மத்தியானத்தில் பசு ஒன்று குண்டின்மேல் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட, காதில் ஓட்டை விழுந்தது. அதற்கு வலிக்கவில்லை. சொந்தக்காரர் அதில் அடையாள வில்லையை மாட்டிக்கொண்டு நன்றி சொன்னார்.

நாள் முழுக்கக் காற்றில் நகரும் ஈயத் துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. யோசிக்கிற பழக்கம் இல்லாத வெண்டலுக்கு முதலில் தலைவலிதான் வந்தது. பிறகு துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சக்கரங்களைப் பெயர்க்க ஆரம்பித்தார். வெந்நீரில் ஊறவைத்து, பிளேடால் பசை சுரண்டி, கடிகாரத்தை நாற்காலியிலேயே பூட்டி முடிக்க ஒரு கோடைகாலமும் பாதிக் குளிர்காலமும் ஆனது. அது ஓடியது, மணிக்கு மூன்று நிமிடம் பின்தங்கியது. மார்வாவின் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் குண்டிடம் திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் அவள் வேலியோரம் வந்து நின்றாள். அப்போது குண்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே இருநூறு அடி இருந்தது.

"தப்பா ஓடுது," என்றாள்.

"தெரியும்."

"எங்கப்பா இருந்தப்பவும் தப்பாத்தான் ஓடும். அப்ப ரெண்டு நிமிஷம்." அவர் தலையைப் பார்த்தாள். "குளிருதே, குல்லா கொண்டுவரலயா?"

"கொண்டுவந்தேன். பித்தளைக் கண்ணாடி வெச்ச உசரத் தொப்பி. போட்டுக்க வெக்கமா இருக்கு."

மார்வா சிரிக்கவில்லை. ஆனால் திரும்பிப் போகும்போது அவள் தோள் குலுங்கியதை அவர் பார்த்தார். அதற்குப் பிறகு குண்டு நெருங்க நெருங்க அவளும் வந்தாள். நூறடியில் காபி வந்தது. அறுபதடியில் அவளும் ஒரு நாற்காலி கொண்டுவந்தாள். முப்பதடியில், எந்த வருடம் எந்த ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போனது என்று தேதிவாரியாகச் சொன்னாள். வெண்டல் ஒன்றையும் மறுக்கவில்லை, இரண்டை அவரே சேர்த்தார்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஷெரீஃப் வந்தபோது அவள் மறுத்துவிட்டாள். "மூணு வருஷமா வருதுன்னு சொல்லிட்டு வர விருந்தாளி. நான் ஏன் ஓடணும்?" ஏப்ரல் இருபத்தாறாம் தேதி காலை சுவர்க் காகிதத்தின் நீலப்பூ ஒன்றின் நடுவே குண்டின் மூக்கு தெரிந்தது. பொறுப்பாளர் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி என்பதால் வெண்டல் காலணியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பதினான்கடிச் சமையலறையைக் கடக்க அது ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல், மார்வாவின் நெஞ்சுக்கு நேராக வந்தது. வெண்டல் எழுந்தார். கொடியைப் போட்டுவிட்டு, தொட்டிக்கும் குண்டுக்கும் நடுவே தன் முதுகை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன பண்ற?"

"நீ கழுவு. நான் நிக்கிறேன்."

"அது உன் முதுகுக்கு வர இன்னும் அரை மணி ஆகும், வெண்டல்."

"ஆகட்டும்."

அவள் கழுவி முடித்தாள். பத்து நிமிடம் மிச்சம் இருக்கையில் அவரைச் சட்டைக் காலரைப் பிடித்து ஒதுக்கி நிறுத்தினாள். "கேணை," என்றாள். அந்தக் குரலை அவர் மூன்று வருடத்துக்கு முன்னால் கடைசியாகக் கேட்டிருந்தார்.

மே மாதம் முதல் தேதி குண்டு பின்சுவரைத் துளைத்துக்கொண்டு கோதுமை வயலுக்குள் போனது. வெண்டல் நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொடியோடு பின்கதவில் நின்றார். வெளியே ஓரடி தள்ளிக் குண்டு மினுமினுத்தது. உள்ளே ரொட்டி வெந்துகொண்டிருந்தது.

"கதவச் சாத்து. ஈ வருது," என்றாள் மார்வா.

வெண்டல் உள்ளேயிருந்து சாத்தினார்.

விதியை மீறியதற்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. சங்கம் பிறகு விதியையே திருத்திவிட்டது. இப்போது அந்தப் பொறுப்பு எந்த வயலில் குண்டு இருக்கிறதோ அந்த வயல்காரருக்கு. அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர்கள் அதைச் சுற்றி வளைந்து போகிறார்கள். கிழக்கே மூன்று மைல் தள்ளியிருக்கும் ஹாலோவே என்ற ஊரை அது பதினான்கு வருடம் கழித்துச் சேரும். சென்ற இலையுதிர்காலம் அங்கே பள்ளிக்கூடத்துக்குப் புது உடற்பயிற்சிக் கூடம் கட்டினார்கள். மேற்குச் சுவரில் நான்கடி ஏழு அங்குல உயரத்தில் ஒன்று, கிழக்குச் சுவரில் அதே உயரத்தில் ஒன்று என்று சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இரண்டு ஓட்டைகள் விட்டே கட்டியிருக்கிறார்கள்.