மிஸ்டர் தெர்சியானுக்கு எந்த நாற்காலி

1923 அக்டோபர் பதினான்காம் தேதி, கடலில் மூழ்கி இறந்து ஐந்து வாரமான ஹகோப் தெர்சியான் என்ற மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஊர் ஹார்ட்லாக் மாளிகையின் விருந்துக்கு வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊரிலிருந்து கடல் அறுபது மைல். அவர் கோட்டிலிருந்து சொட்டியது கடல்நீர்தான் என்பதை பட்லர் பிம் விரலால் தொட்டு நாக்கில் வைத்து உறுதிசெய்தார். அன்று கௌதாரி வறுவல். அந்த வருஷம் கௌதாரி மலிவு.

ஹார்ட்லாக் பிரபுவின் ஒரே மகன் லயனல் அப்போதுதான் கிழக்கே ஒரு துறைமுக நகரத்தில் தூதரகப் பொறுப்பாளராக இருந்துவிட்டு விடுப்பில் வந்திருந்தார். அந்த நகரம் எரிந்தபோது, நம் ஆட்கள் எல்லோரையும் கப்பலேற்றியாகிவிட்டது என்று லண்டனுக்குத் தந்தி அடித்துவிட்டு, மனைவி செசிலியையும் பியானோவையும் இரண்டு நாய்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியவர். பன்னிரண்டு வருஷம் அவருக்கு வாயும் காதுமாக இருந்த தெர்சியான் படகுத்துறையில் நின்றிருந்தார். கப்பல் நகர்ந்ததும் நீரில் குதித்து நீந்தினார். பாதி தூரம் வந்தார்.

விருந்தில் அவர் எதையும் சாப்பிடவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தார். ஹகோப் தெர்சியான் பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை பார்த்தவர் என்று அதில் நான்கு வரி. அவர் மனைவி அரக்ஸி பிழைத்து, ஒரு தீவில் அகதிகள் கொட்டகையில் கிடந்தாள். லயனலின் கையெழுத்து விழுந்தால் லண்டனில் இருக்கும் தம்பியிடம் போய்விடலாம். விழாவிட்டால், எந்த நாட்டுக்காரி என்று சொல்ல ஒரு துண்டுத் தாளும் இல்லாமல் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

"ஒரே ஒரு கையெழுத்து ஐயா. அரை நிமிஷ வேலை."

"உனக்குத் தெரியாததா ஹகோப்? எல்லாரையும் ஏத்தியாச்சுன்னு தந்தி போயிடுச்சு. இப்ப ஒருத்தன் விட்டுப்போயிட்டான்னு எப்படி எழுதறது? அந்த உப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு."

தெர்சியான் உப்பைத் தள்ளினார். வீட்டாருக்கு அவர் செத்தவர் என்பதில் சங்கடம் எதுவும் இல்லை. எங்கே உட்கார வைப்பது என்பதுதான் சிக்கல். செசிலி கணவரின் காதருகே குனிந்து, "பிஷப்புக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டாள்.

"கீழதான். உள்ளூர் ஊழியர்."

"எப்படியோ, நல்ல வேளை வந்தார். இல்லாட்டி மேஜையில பதிமூணு பேர் ஆகியிருப்போம், அபசகுனம்."

அதற்குப் பிறகு லயனல் எந்த நாட்டுக்கு மாற்றலாகிப் போனாலும் தெர்சியான் அங்கே விருந்துக்கு வந்தார். லயனலோடு கூடவே போன பிம், சொட்டும் நீரைப் பிடிக்க ஒரு தகர வாளியைப் பெட்டியோடு பெட்டியாக ஊர் ஊராகக் கொண்டுபோய் அவர் நாற்காலிக்கு அடியில் வைத்தார். இதையெல்லாம் விடுப்பில் வரும்போது எங்கள் ஊர் மதுக்கடையில் பிம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். லயனல் ஏறிக்கொண்டே போனார். சர் பட்டம் வந்தது, முழுத் தூதர் பதவி வந்தது. நெருக்கடியில் சுருக்கமாக எழுதுவது எப்படி என்று புதிதாகச் சேருபவர்களுக்கு அவருடைய பழைய தந்தியைத்தான் காட்டினார்களாம். நம்பிக்கையான மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். தாள் மட்டும் ஒவ்வொரு விருந்திலும் தட்டுக்குப் பக்கத்தில் வெறுமனே கிடந்தது.

தூதர்களுக்குள் யார் பெரியவர் என்பது யார் அந்தந்தத் தலைநகரத்துக்கு முதலில் வந்தார் என்பதை வைத்துத்தான். 1938-இல், மழை விடாத ஒரு வடக்குத் தலைநகரத்தில், விதிகளைக் கரைத்துக் குடித்த ஒரு செயலாளர் பழைய விருந்துப் பட்டியல்களைப் புரட்டி, இந்த மேஜைக்கு மிக நீண்ட காலமாக வருபவர் தெர்சியான்தான் என்று கண்டுபிடித்தார். விதி விதிதானே. அன்று முதல் அவர் முதல் மரியாதைக்குரிய இடமான செசிலியின் வலப்பக்கம் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவரோடு பேசியாக வேண்டும் என்பதும் விதி.

"உங்க சம்சாரம் எப்படி, மிஸ்டர் தெர்சியான்?"

"கோபக்காரி மேடம். இந்த சூப்பை வாயில வச்சான்னா சமையல்காரரை வெளிய இழுத்துட்டு வந்துடுவா."

செசிலி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த மேஜையில் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"இன்னும் அந்தத் தீவுலயேவா இருக்காங்க?"

"பதினஞ்சு வருஷமா. கொட்டகைக்குப் பின்னால கத்திரிக்காய் போட்டிருக்கா. காய்க்கறதுக்குள்ள கிளம்பிடுவோம்னு வருஷா வருஷம் சொல்றா."

மறுநாள் காலை செசிலி அந்தத் தாளில் கணவரின் கையெழுத்தைப் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய அழைப்பிதழ்களிலும் நன்றிக் கடிதங்களிலும் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அவரைவிட அவளுக்குத்தான் அது நன்றாக வரும். தாள் தபாலில் போனது. நாற்பது நாள் தெர்சியான் வரவில்லை. பிம் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

நாற்பத்தொன்றாம் நாள் லண்டனிலிருந்து ஒரு கேள்வி வந்தது. 1923 தந்தியின்படி யாரும் விடுபடவில்லையே, இது தங்கள் கையெழுத்துதானா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

"ஆமான்னு ஒரு வார்த்தை எழுது லயனல். இத்தனை வருஷத்துல உங்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல."

"நீ போட்டதுன்னு சொல்ல மாட்டேன். அது உனக்காக. ஆனா என்னோடதுன்னு சொன்னா தந்தி பொய்யாயிடும்."

"தந்தி பொய்தானே!"

"அது எனக்குத் தெரியாதா? ஆனா அது ஃபைல்ல இருக்கு."

என்னுடையது அல்ல என்று லயனல் எழுதி அனுப்பினார். அரக்ஸி அப்போது பெட்டியோடு கப்பலேறும் வரிசையில், முன்னால் மூன்று பேர் இருக்க, நின்றுகொண்டிருந்தாள். அவளைத் திருப்பிக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். நான்கு மாதத்தில் நெஞ்சுச் சளி முற்றிச் செத்தாள். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது; அவருக்குக் கூசியதாகத் தகவல் இல்லை.

அடுத்த விருந்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். தெர்சியான் அன்று நனைந்திருக்கவில்லை. அரக்ஸி கொட்டகைப் புழுதியோடு, தலையில் துணி கட்டியபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செசிலி எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். பிறகு அவள் கணவரோடு மேஜையில் உட்காரவே இல்லை.

1946-இல் லயனல் ஓய்வுபெற்று எங்கள் ஊருக்கே திரும்பினார், அப்பாவின் பிரபுப் பட்டமும் சேர்ந்துகொண்டது. அவர் தனியாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த இருவரும் எதிரே வந்து உட்கார்கிறார்கள். எதுவும் கேட்பதில்லை. தங்கள் பாஷையில் தங்களுக்குள் பேசிச் சிரிக்கிறார்கள். அவருக்கு ஒரு சொல்லும் விளங்குவதில்லை, மொழிபெயர்க்க ஆளில்லை. போன குளிர்காலத்தில் ஒருநாள் அவர் பேனாவை எடுத்தார்.

"அந்தத் தாளைக் கொடு ஹகோப். போட்டுடறேன்."

"எந்தத் தாள் ஐயா?" என்றார் தெர்சியான், பழைய மரியாதை குறையாமல்.

லயனல் மேஜை விரிப்பில் கையெழுத்துப் போட்டார். அது நிறைந்ததும் கைத்துண்டுகளில் போட்டார். இப்போது தினமும் போடுகிறார். "கையெழுத்து என்னவோ முத்து முத்தாத்தான் இருக்கு, ஆனா சலவைச் சோடாவுல கொஞ்சம் ஊறினா போயிடுது" என்கிறாள் சலவைக்கு வரும் மிஸஸ் டோவி. திங்கட்கிழமை துவைத்துக் காயப்போடுகிறாள். செவ்வாய்க்கிழமை வெள்ளை விரிப்பு மேஜைக்கு வருகிறது, அவர் பேனாவைத் திறக்கிறார்.