பட்டியலில் முதல் பெயர்

காலை பதினொன்று இருபதுக்கு நூலக சர்வரில் மென்பொருள் ஏறி முடிந்தது. ஏழு வயதான லினக்ஸ் சர்வர். தூசியைத் துடைத்தபோதே, நெட்வொர்க் வேலைக்கு வந்திருந்த அவளுக்கு இரண்டு தும்மல். துணைக் கோப்பு ஒன்று இல்லை என்று இருமுறை அடம்பிடித்தது. அதைத் தேடிப் போட்டபிறகு கறுப்புத் திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள், யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று இனி இது சொல்லிவிடும்.

நூலகர் பின்னால் நின்றிருந்தார். மாடி வாசிப்புக்கூடத்தில் எவனோ ஒருவன் மொத்த நெட்டையும் உறிஞ்சுகிறான், கீழே புத்தகப் பதிவுகூட நகர மாட்டேன் என்கிறது என்பது அவருடைய ஒரு மாதப் புகார். அதற்காகத்தான் வெளியிலிருந்து அவளை வரவழைத்திருந்தார்.

"திருடனப் புடிக்க நாய் வளக்கலாம்னு இருந்தேன். நீ வந்துட்டம்மா," என்றார். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சிரித்தாள்.

பட்டியல் திறந்தது. பதினேழு கருவிகள். முதலிடத்தில், தூங்குமூஞ்சி.

சிரிப்பு பாதியில் நின்றது. கணவனின் போனுக்கு அவளே வைத்த பெயர் அது. ஊரில் இன்னொரு தூங்குமூஞ்சி இருக்கக்கூடாதா என்ன? பக்கத்தில் இருந்த கருவி எண்ணைப் பார்த்தாள். வீட்டு வைஃபையில் அதைப் பதிந்தவளும் அவள்தான். எண்ணும் அதேதான்.

கணவனின் அலுவலகம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. இன்று எட்டரைக்குக் கிளம்பினான். மறந்துபோன அடையாள அட்டையை வாசல்வரை ஓடிப்போய்க் கொடுத்தாள்.

சர்வர் பழைய பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தது. நாற்பத்தொரு வேலை நாட்கள். ஒன்பது பத்துக்கு உள்ளே, ஐந்துக்கு வெளியே. ஒருநாள்கூடத் தாமதமில்லை. இன்று அவன் இணையத்தில் போன இடங்களைத் திறந்தாள். வேலை தேடித்தரும் தளங்கள் நான்கு. மிச்சமெல்லாம் நேர்காணலில் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தரும் வீடியோக்கள். நெட்டைக் குடித்தது அவைதான்.

நேற்றுகூட மேனேஜர் மேசையைத் தட்டிக் கத்தியதை நடித்துக் காட்டினானே. வயிறு வலிக்கச் சிரித்தாளே.

மாடிக்கு இருபது படிகள் இருக்கும். அவள் ஏறவில்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பினாள்.

திரையில் தூங்குமூஞ்சிக்கு எதிரே இருந்த டேட்டா அளவு லேசாக ஏறியது. அடுத்த நொடி கையில் போன் அதிர்ந்தது. 'ஆபீஸ்லதான். மேனேஜர் பக்கத்துல நிக்கறார், அப்புறம் பேசறேன்.'

நூலகர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தார்.

"மொதல்ல இருக்கறவன்தானே? யாரும்மா இந்தத் தூங்குமூஞ்சி? மேல போய் சட்டையப் புடிச்சு எறக்கிடவா?"